பாட்டி வீட்டு மேசையில் வாஷ்பேசின்: பாத்ரூமுக்குள் பழைய மரச்சாமான் தாங்குமா?

இன்ஸ்டாகிராமில் ஒருமுறை 'பாத்ரூம் மேக்ஓவர்' என்று தேடிவிட்டால் போதும், அடுத்த ஒரு வாரத்துக்கு அல்காரிதம் நம்மை விடாது. அதில் இந்த ரீல் கட்டாயம் வரும்: பாட்டி காலத்துத் தேக்கு மேசை, அதன் மேல் வெள்ளைக் கிண்ணம் மாதிரி ஒரு வாஷ்பேசின், பித்தளைக் குழாய், ஓரத்தில் ஒரு மணி பிளான்ட். பார்க்க அவ்வளவு அழகு. லைக் போட்ட கையோடு நமக்கு ஞாபகம் வருவது ஊரில் பூட்டிக் கிடக்கும் வீடு. அங்கேயும் இதே மாதிரி ஒரு மேசை சும்மாதானே கிடக்கு!

முத்துப்பேட்டை மாதிரி ஊர்களில் இந்த ஆசை வருவதில் ஆச்சரியமே இல்லை. பர்மா, மலேயா, சிங்கப்பூர் என்று கடல் தாண்டிப் போய்ச் சம்பாதித்தவர்கள் வாழ்ந்த பகுதி இது. 1926-ல் கட்டப்பட்ட ரஜூலா கப்பல், சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே நாகப்பட்டினத்தையும் பினாங்கையும் தொட்டுக்கொண்டு 45 வருஷத்துக்கும் மேல் ஓடியது. அப்படிப் போய்வந்த குடும்பங்களின் வீடுகளில் பர்மா தேக்கு அலமாரி, பெல்ஜியம் கண்ணாடி, பித்தளைப் பூண் போட்ட பெட்டி என்று ஏதாவது ஒன்று இன்னும் இருக்கும். விவசாயக் குடும்பம் என்றால் பத்தாயம். நெல் கொட்டிவைக்க வேலையில்லாமல் போன பிறகு, பழைய துணியும் அறுந்த வயரும் கிடக்கிற அதே பத்தாயம்தான்.

வீட்டைப் புதுப்பிக்கும்போது இந்தச் சாமான்களுக்கு ரெண்டே வழிதான் என்று நினைக்கிறோம். ஒன்று, பழைய சாமான் வியாபாரிக்குத் தள்ளிவிடுவது. இல்லையென்றால், ரீல்ஸில் பார்த்தபடி பாத்ரூமுக்குள் கொண்டுபோய் 'வேனிட்டி' ஆக்குவது. என் கருத்தை முதலிலேயே சொல்லிடறேன். பழைய மேசையில் வாஷ்பேசின் வைப்பது நல்ல யோசனை. அதற்கான இடம்தான் தப்பு. நம்ம ஊர் பாத்ரூம் அதைத் தாங்காது. ஆனால் நம்ம வீட்டிலேயே அதைத் தாங்கும் இடம் ஒன்று இருக்கிறது.

கமோடு என்பதே ஒரு ஃபர்னிச்சர்தான்!

இந்த ஸ்டைல் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் விஷயம் பாதி புரிந்துவிடும். குழாய்த் தண்ணீர் வீட்டுக்குள் வராத காலத்தில், ஐரோப்பாவில் முகம் கழுவுவது படுக்கையறையில்தான். அதற்கென்றே ஒரு சின்ன மேசை இருக்கும். அதன் மேல் பளிங்குப் பலகை, பீங்கான் ஜாடி, பீங்கான் கிண்ணம். வேலையாள் ஜாடியில் தண்ணீர் கொண்டுவருவார்; கிண்ணத்தில் ஊற்றிக் கழுவிக்கொண்டால் அழுக்குத் தண்ணீரை எடுத்துப் போவார். ஆக, மேசை மேல் கிண்ணம் என்பது அவர்களுக்குப் புது ஃபேஷன் இல்லை, கொள்ளுத்தாத்தா காலத்துப் பழக்கம். பின்னால் குழாய் வந்தபோது மேசையில் ஒரு ஓட்டை போட்டார்கள், அவ்வளவுதான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நாம் தினமும் சொல்கிற 'கமோடு' என்ற வார்த்தையே ஒரு மரச்சாமானின் பெயர். 1700 வாக்கில் பிரான்ஸில் இழுப்பறைகள் வைத்த அழகான பெட்டி அலமாரியைத்தான் அப்படிக் கூப்பிட்டார்கள். 'வசதியானது' என்று பொருள். பிறகு இரவு நேர அவசரத்துக்கான பாத்திரத்தை உள்ளே மறைத்து வைத்த மரப்பெட்டிக்கு அந்தப் பெயர் போனது. வெள்ளைக்காரர்களின் பங்களாக்கள் வழியாக இங்கே வந்து, கடைசியில் பீங்கானில் வந்து நின்றது. இப்போது பாத்ரூமுக்குள் ஃபர்னிச்சர் வைக்கணும் என்று ஆசைப்படுகிறோம். ஃபர்னிச்சரின் பெயர் எப்போதோ உள்ளே போய் உட்கார்ந்தாச்சு!

நம்ம பக்கம் கதையே வேறு. குளியல் என்றால் ஆறு, குளம், இல்லாவிட்டால் கொல்லைப்புறக் கிணற்றடி. அங்கே தண்ணீரோடு பழகியது உலோகமும் கல்லும்தான்: செம்புத் தவலை, பித்தளை அண்டா, துவைக்கிற கல், வெந்நீர் பாய்லர். மரம் என்று அந்தப் பக்கம் போனால் உட்காருகிற மணை ஒன்றுதான் போகும். அதையும் குளித்து முடித்ததும் சுவரில் சாய்த்துக் காயவைப்பார்கள். மரச்சாமானை ஈரத்துக்கு அனுப்பக் கூடாது என்று யாரும் வகுப்பெடுக்கவில்லை. வீட்டின் அமைப்பே அப்படி இருந்தது.

ரீல்ஸில் தெரியாத வாளி

அந்த வீடியோக்களில் வரும் பாத்ரூம்களைக் கவனிச்சுப் பாருங்க. குளிப்பது கண்ணாடித் தடுப்புக்குள்ளேயோ தொட்டிக்குள்ளேயோ நடக்கும். மற்றத் தரை காய்ந்தே இருக்கும், சிலர் கம்பளம்கூட விரித்திருப்பார்கள். நம்ம பாத்ரூமில் கம்பளம் விரித்தால் எத்தனை மணி நேரம் தாங்கும்?

நாம் வாளியில் தண்ணீர் பிடித்து மக்கால் மொண்டு ஊற்றிக் குளிக்கிறோம். கமோடு பக்கத்தில் ஹெல்த் ஃபாசெட் தொங்குகிறது. குளித்ததும் முழுத் தரையையும் கழுவித் துடைப்பத்தால் தள்ளுகிறோம். அஞ்சு வேளை ஒளுச் செய்கிற வீடுகளில் முகம், கையோடு காலும் கழுவுவார்கள். அந்தத் தண்ணீர் நேராகத் தரைக்குத்தான் வரும். பாத்ரூமை இப்படிக் கழுவிவிடுவதில் தப்பே இல்லை, உலர்ந்த பாத்ரூமைவிட இது சுத்தம் என்றே நான் வாதாடுவேன். ஆனால் இந்தத் தண்ணீரில் ஒரு மர மேசையின் நாலு கால்களும் தினமும் ரெண்டு முறை நிற்கணும் என்பதை மறந்துவிடக் கூடாது.

உடனே வரும் பதில், "இது பர்மா தேக்கு பாஸ், கப்பலே கட்டுவாங்க."

உண்மைதான். தேக்கின் வைரப் பகுதியில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு, கரையானும் அழுகலும் சீக்கிரம் அண்டாது. ஆனால் தேக்குப் பலகை வேறு, தேக்கு மேசை வேறு. பழைய மேசை என்பது பல துண்டுகளைத் துளையிட்டுச் செருகி, வஜ்ஜிரம் போட்டு ஒட்டிய ஒரு அமைப்பு. வஜ்ஜிரம் என்பது மாட்டுத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கிற பசை. ஈரமும் சூடும் பட்டால் இளகிவிடும். மேலே இருப்பது பெரும்பாலும் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசிய பாலிஷ். ஈர டம்ளரை வைத்து எடுத்தாலே வெள்ளை வளையம் விழுகிற வகை அது. மேலே பிடிக்காமல் இருந்தாலும், காலின் அடிப்பக்கம் இருக்கே, அது மரத்தின் நார் திறந்திருக்கும் வெட்டுமுகம். ஸ்ட்ரா மாதிரி தண்ணீரை மேலே இழுக்கும்.

இன்னொன்று, மரம் ஈரத்தில் அகலவாக்கில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். நீளவாக்கில் பெரிதாக மாறாது. ஐப்பசி, கார்த்திகையில் முத்துப்பேட்டையில் இழுப்பறை திறக்க மாட்டேன் என்று அடம்பிடிப்பதும், சித்திரையில் அதே இழுப்பறை தானாக வழுக்கிவருவதும் இதனால்தான். ஒரு வருஷத்தில் நடக்கிற இந்த உப்பலும் சுருங்கலும் பாத்ரூமுக்குள் ஒரே நாளில், காலை வெந்நீர் ஆவிக்கும் மதிய வெக்கைக்கும் நடுவில் நடக்கும். அகலமான ஒற்றைப் பலகையை நாலு மூலையிலும் இறுக்கி ஸ்க்ரூ அடித்திருந்தால், அது நகர வழியில்லாமல் நடுவில் வெடிக்கும்.

கடலோரத்தில் இருக்கிறவர்களுக்கு இன்னும் ரெண்டு தலைவலி. அலையாத்திக் காடு வரைக்கும் வந்து நிற்கிற கடல், காற்றில் உப்பைக் கொண்டுவருகிறது. பழைய ஆணி, கீல் எல்லாம் இரும்பு என்றால் துரு மரத்துக்குள்ளேயே கருப்புக் கறையாக இறங்கும். மாற்றும்போது பித்தளையோ 316 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ கேட்டு வாங்குங்க. கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கிற 304 உப்புக்காற்றில் அவ்வளவு நாள் தாங்காது. ரெண்டாவது, ஆசிட். உப்புத் தண்ணீர்க் கறை போக டைல்ஸில் ஆசிட் ஊற்றுகிற பழக்கம் நம்ம வீடுகளில் சாதாரணம். அந்தப் புகை பித்தளைக் கைப்பிடியைப் பச்சையாக்கும், பளிங்கின் பளபளப்பைத் தின்னும். பழைய கண்ணாடியின் பின்பூச்சு ஈரத்தில் ஏற்கெனவே ஓரத்திலிருந்து கருத்துக்கொண்டு வரும், ஆசிட் அதைச் சீக்கிரப்படுத்தும்.

கை கழுவுகிற இடம் எதுக்கு இருக்கு?

இங்கேதான் நம்ம வீட்டு அமைப்பு நமக்கே கைகொடுக்கிறது. தமிழ்நாட்டு வீடுகளில் ஒரு வாஷ்பேசின் பாத்ரூமுக்கு வெளியே இருக்கும். சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில், தாழ்வாரத்தின் ஓரத்தில், இல்லை கொல்லைக்குப் போகும் வழியில். கையால் சாப்பிடுகிறவர்களுக்கு அது இல்லாமல் முடியாது. வெளிநாட்டு ரீமாடல் வீடியோக்களில் இந்த இடமே இருக்காது, அதனால் அதற்கான ஐடியாவும் வராது. நாமும் அங்கே ஒரு பீங்கான் பேசினைச் சுவரில் தொங்கவிட்டு, கீழே பிளாஸ்டிக் பைப்பைத் தெரியவிட்டு, மேலே ஒரு சின்னக் கண்ணாடியை மாட்டி விட்டுவிடுகிறோம். வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரும் பார்க்கிற இடம் இது என்பதை யோசிக்கிறதே இல்லை!

தாத்தாவின் மேசைக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. தரை காய்ந்திருக்கும், காற்று வரும், ஆசிட் வராது, வெந்நீர் ஆவி இல்லை. அதைவிட முக்கியமான விஷயம், ரீல்ஸ் பார்க்காத பெரியவர்களும் ஒத்துக்கொள்வார்கள். "நெல்லு கெடந்த பொட்டியக் கொண்டுபோய்க் கக்கூஸ்லயா வைக்கப் போற?" என்று ஒரு அப்பத்தா கேட்டால் அதைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது. டெல்டாவில் பத்தாயம் வெறும் பெட்டி இல்லை. அடுத்த போகத்துக்கான விதையும் அடுத்த அறுவடை வரைக்கான சாப்பாடும் அதில்தான் இருந்தது. 1972-ல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் வந்து, அறுத்த நெல் களத்திலிருந்து நேராகக் கொள்முதல் நிலையத்துக்குப் போகிற வழக்கம் ஊன்றிய பிறகு, வீட்டுக்குள் நெல் தங்குவது குறைந்தது. பத்தாயம் காலியானதே தவிர, அதன் மேல் இருக்கிற மரியாதை காலியாகவில்லை. கமோடுக்குப் பக்கத்தில் வேண்டாம் என்பதை என்னால் மூடநம்பிக்கை என்று எழுத முடியவில்லை. மரத்துக்கும் அதுதான் நல்லது என்று அறிவியலும் சொல்லும்போது என்ன செய்வது?

பாத்ரூமுக்குள்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால், மேசையைத் தேடும் முன் பாத்ரூமை மாற்றணும். குளிக்கிற பகுதியை ரெண்டு அங்குலம் தாழ்த்தியோ கண்ணாடித் தடுப்பு வைத்தோ பிரிக்கணும். ஹெல்த் ஃபாசெட்டும் தடுப்புக்குள்ளேயோ பேசினுக்கு எட்டாத மூலையிலோ இருக்கணும். எக்ஸாஸ்ட் ஃபேன் கட்டாயம். முக்கியமாக, வீட்டில் எல்லாரும், பாத்ரூம் கழுவ வருகிற அக்கா உட்பட, அந்தப் பக்கம் வாளியால் தண்ணீர் அடிக்கக் கூடாது. கடைசி நிபந்தனை எந்த வீட்டில் நடக்கும் என்று எனக்குத் தெரியலை. அதற்குப் பதில் புதுசாகவே செய்துவிடலாம். கடையில் '710 பிளை' என்று கேட்டால் கிடைக்கிற ஐஎஸ் 710 தர மரைன் பிளைவுட் கொதிக்கும் தண்ணீரைத் தாங்கும் பசை போட்டு ஒட்டியது, ஈரத்துக்கென்றே தயாரானது. பாட்டி காலத்து அழகு இருக்காதுதான். கெட்டுப்போனாலும் அழ வேண்டியதில்லை.

பழசு ஏதாவது பாத்ரூமுக்குள் இருந்தே ஆகணும் என்றால் உலோகம் பக்கம் போங்க. கால் மிதியோடு வரும் பழைய சிங்கர், உஷா தையல் மெஷின்களின் வார்ப்பிரும்பு ஸ்டாண்டு இருக்கே, அது பிரமாதம். துருவைச் சுரண்டி, பிரைமரும் பெயின்ட்டும் அடித்து, மேலே ஒரு கிரானைட் பலகை. ஓட்டிய மெஷின் கெட்டுப்போய், ஸ்டாண்டு மட்டும் மூலையில் கிடக்கும் வீடுகள் எத்தனையோ. பித்தளை அண்டாவும் நல்ல தேர்வு. குளிக்கத் தண்ணீர் பிடித்து வைக்கவே பிறந்த பாத்திரம் அது, அதைத் துளைத்து பேசின் ஆக்கணும் என்றுகூட இல்லை.

ஓட்டை போடும் முன்

சரி, கை கழுவும் இடத்துக்கு மேசை வந்தாச்சு. ஆசாரியும் பிளம்பரும் வந்து நிற்கிறார்கள். இந்த இடத்தில்தான் அவசரம் கூடாது.

பழம்பொருள் பாதுகாப்பில் ஒரு அடிப்படை விதி உண்டு: செய்கிற எந்த மாற்றத்தையும் திரும்ப எடுக்க முடியணும். மேசையின் மேல்பலகையில் துளை போட்டால் அது போட்டதுதான். அதனால் பழைய பலகையைக் கழற்றி எடுத்து வைத்துவிட்டு, அதே அளவுக்குக் கடப்பாக்கல்லோ கிரானைட்டோ வெட்டி மேலே வையுங்க. ஓட்டை கல்லில் விழட்டும். தண்ணீர் தெறித்தாலும் கல்லுக்குத்தான். குழாயைச் சுவரிலேயே வைத்துவிட்டால் பேசினின் கழிவுநீர்த் துளை ஒன்று மட்டும் போதும். கீழே இழுப்பறை இருந்தால், பாட்டில் டிராப் வரும் இடத்துக்காக அதன் உள்பக்கத்தை வெட்டச் சொல்வார்கள். வெட்டாமல், நடு இழுப்பறையை மட்டும் கழற்றிவிட்டு அதன் முகப்பை மூடியாகப் பொருத்தச் சொல்லுங்க.

உயரக் கணக்கும் நமக்குச் சாதகம். எழுதும் மேசை சாதாரணமாக 30 அங்குலம் இருக்கும். மேலே வைக்கிற கிண்ண பேசின் 5 அங்குலம் என்றால் மொத்தம் 35. நின்றபடி கை கழுவச் சரியான உயரம். பேசினைப் பலகைக்குள் இறக்கிப் பொருத்துகிற மாடலை வாங்கினால் குனிய வேண்டிவரும், அதற்குப் பெரிய ஓட்டையும் போடணும்.

கால்களுக்கு அடியில் ரெண்டு அங்குலக் கல் துண்டு வைக்கணும். நடுவில் ஒரு ரப்பர் ஷீட். பத்தாயத்தையே நம்ம முன்னோர் தரையில் படாமல் தூக்கித்தானே வைத்தார்கள்? பின்பக்கம் சுவரோடு ஒட்டாமல் ஒரு விரல் இடைவெளி வேண்டும். சுவர் ஓதம் அங்கேதான் ஏறும்.

பழைய பெயின்ட் அடித்த சாமான் என்றால் கொஞ்சம் கவனம். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அதற்கு முன் அடித்த பச்சை, மஞ்சள், சிவப்புப் பூச்சுகளில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். அதை மெஷின் போட்டுத் தேய்த்தால் தூசியாக வீடு முழுக்கப் பரவும். சின்னப் பிள்ளைகளுக்கு அது விஷம். தேய்ப்பதாக இருந்தால் வீட்டுக்கு வெளியே, தண்ணீர் தொட்டு, மாஸ்க் போட்டு.

எந்தச் சாமானை எடுப்பது என்பதில் என் கணக்கு எளிமையானது. முழுசாக, நல்ல நிலையில் இருப்பதைத் தொடாதீங்க. அதை ஹாலில் அப்படியே போடுங்க. மேல்பலகை ஏற்கெனவே வெடித்தது, ஒரு கதவு காணாமல் போன அலமாரி, பாதி அடுக்கு கரையான் தின்ற பத்தாயம், இவைதான் இந்த வேலைக்கு. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் ஓட்டைப் பிய்த்துப் போட்ட வீடுகளில் நனைந்து கிடந்த சாமான்களையும் இந்தக் கணக்கில் சேர்க்கலாம். மீதி நல்ல பலகைகளை வைத்து ஒரு ஸ்டாண்டு தேறும். அது பழைய சாமானை வெட்டுவது ஆகாது, மிச்சத்தைக் காப்பாற்றுவது.

இல்லையென்றால் அது எங்கே போகும் என்பது தெரிந்த கதை. முத்துப்பேட்டை வழியாகப் போகிற திருவாரூர் - காரைக்குடி ரயில் பாதை 2019-ல் அகலப்பாதையாகத் திறந்தது. அந்தப் பாதையின் மறுமுனையில் இருக்கிறது காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெரு. பழம்பொருள் கடைகளுக்கு நாடு முழுக்கப் பெயர் போன தெரு. ஒருநாள் ஏறிப் போய்ப் பாருங்க. வீட்டில் 'அடைசல்' என்று ஒதுக்கிய அதே மாதிரி பெட்டிக்கு அங்கே என்ன விலை சொல்கிறார்கள் என்று கேட்டுவிட்டு வந்து, அப்புறம் வாசலில் நிற்கும் வியாபாரியிடம் பேசுங்க. அந்தக் கடைக்காரர்கள் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அவர்கள் வாங்கியிருக்காவிட்டால் பல சாமான்கள் எப்போதோ அடுப்புக்குப் போயிருக்கும்.

சிங்கப்பூரிலோ துபாயிலோ இருந்துகொண்டு, 'அந்தப் பெட்டியை இங்கே அனுப்பிவிடுங்க' என்று கேட்கிறவர்களுக்கு ஒரு தகவல். 1972-ஆம் ஆண்டு தொல்பொருட்கள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டப்படி, கலை, கைவினை, வரலாற்று மதிப்புள்ள 100 வருஷத்துக்கு மேற்பட்ட பொருளைத் தனியார் யாரும் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக முடியாது. அவ்வளவு பழசு இல்லை என்றால், தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்று வாங்கிக்கொள்வது நல்லது. மரம் ஈட்டி என்றால் இன்னொரு கேள்வியும் வரும். 2017 முதல் அந்த மரக் குடும்பம் முழுக்க சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. ரஜூலா கப்பலில் சுலபமாக வந்து இறங்கிய பெட்டி, திரும்பிப் போக இத்தனை காகிதம் கேட்கும்.

கடைசியாக ஒரு சின்ன வேலை. கழற்றி எடுத்த மேல்பலகையைப் பரணில் போடும் முன், நாலு பக்கமும் போட்டோ எடுத்துவிட்டு, பின்பக்கம் பெரிய எழுத்தில் 'தாழ்வாரத்து மேசையின் பலகை' என்று எழுதி வையுங்க. பத்து வருஷம் கழித்துப் பரணைச் சுத்தம் செய்ய ஏறுகிறவருக்கு அது விறகு இல்லை என்று தெரியணும்.